பூட்டி வைத்த குடை

மலேசியாவில், எங்கள் ஈப்போ நகர ஆலயத்தில் காலை எட்டு மணிக்குத் தமிழ் ஆராதனை, பத்தரைக்கு ஆங்கில ஆராதனை. முதலாவதற்கு நரைத்த தலைகள், அடுத்ததற்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள். இரண்டு கூட்டமும் சந்திப்பது கார் நிறுத்துமிடத்தில்தான். அதுவும் வண்டியை எடுக்கச் சொல்லி ஹாரன் அடிப்பதற்கு. ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கு அது பொறுக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாருக்கும் ஒரே ஆராதனை, பிறகு ஒன்றாக மதியச் சாப்பாடு, ஒவ்வொரு மேசையிலும் பாதி பெரியவர்கள், பாதி இளசுகள். போதகரிடம் சண்டை போட்டுத்தான் அனுமதி வாங்கினேன்.

உண்மையைச் சொன்னால், என் மனதில் இருந்தது ஒருவர்தான். பக்கத்து ஊரான கோப்பெங்கிலிருந்து பஸ்ஸில் வரும் பழைய லாரி டிரைவர். மனைவி இறந்து மூன்று வருடம். ஆராதனை முடிந்ததும், "பஸ் போயிரும் டீச்சர்" என்று கிளம்பிவிடுவார். வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. இப்படியே விட்டால் ஒரு நாள் வராமலே நின்றுவிடுவார் என்று பயந்தேன். அதனால் முதல் சாப்பாட்டன்று அவருடைய குடையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாப்பிட்டால்தான் குடை.

வாத்தியார் புத்தி அதோடு நின்றதா? "பெரியவங்க கை வெச்ச பிறகுதான் நீங்க சாப்பிடணும்" என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பெரியவர்களிடம் போய், "பிள்ளைங்கள முதல்ல கவனிங்க" என்றேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. பிள்ளைகள் சாப்பிடாமல் அவர்கள் இலையைத் தொடமாட்டார்கள்.

ஜெபம் முடிந்தது. ஒருவரும் சாப்பிடவில்லை. கோழிப் பிரட்டல் ஆறியது, அப்பளம் நமத்தது. லாரி டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

அவருக்கு எதிரே ஐந்தாம் படிவத்தில் படிக்கும் பதினேழு வயதுப் பெண். தமிழ் தட்டித் தடவித்தான் வரும். சாப்பிடுமுன் பெரியவர்களை அழைப்பது அவள் மலாய்த் தோழிகளின் வீட்டில் பழகியது.

"தாத்தா, ஜெம்புட் மக்கான். சாப்பிடுங்க லா."

அவர் அவளையே பார்த்தார். "என் வீட்டுக்காரி போனப்புறம் என்னைச் சாப்பிடச் சொல்ல ஆள் இல்ல, பாப்பா" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தார். அவர் ஒரு வாய் வைத்ததும் அவளும் வைத்தாள்; மற்ற மேசைகளிலும் அப்படியே "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சத்தம் கிளம்பியது.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக, வாராவாரம் அவரிடம் நலம் விசாரித்திருக்கிறேன். சாப்பிட்டீர்களா என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அவர் இரண்டு பஸ்களை விட்டுவிட்டார். மூன்று மணிக்கு வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. அலமாரியைத் திறந்து குடையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இங்கேயே இருக்கட்டும் டீச்சர். அடுத்த வாரம் வாரேன்ல" என்று சொல்லிவிட்டு, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.