வாசல் கேமராவின் பாஸ்வேர்டு

பள்ளிவாசல் எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் நம் வீட்டு வாசலுக்குக் கேமரா மாட்டியவன் உன் அண்ணன். நீ நர்ஸ் வேலைக்குக் கடல் கடந்து போனபின், வாசலையும் எதிர்மலைத் தேயிலையையும் இன்டர்நெட்டில் பார்ப்பதற்காகச் செய்து வைத்தான். எல்லோரும் நுழைந்து பார்க்கக் கூடாதே என்று ஒரு பாஸ்வேர்டும் போட்டான்.

"சாதாரணப் பூட்டுதாம்ப்பா. பேரும் பாஸ்வேர்டும் சரியாயிருந்தா விட்டுரும். அதனால வாட்ஸ்ஆப்புல அனுப்பிராதீங்க, வாயால மட்டும் சொல்லுங்க" என்றான்.

நீயோ சொன்னதும் மறந்துவிடுவாய். கேமராப் பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். உடனே எனக்கு ஃபோன் வரும்.

"அப்பா, மறுபடியும் கேக்குதுப்பா."

"நரம்பு பேரெல்லாம் மனப்பாடம் பண்ணுன புள்ளைக்கு இது நிக்கலையா?"

"ஒங்க மகதானே. சொல்லுங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். நடுவில் மழையா என்பாய், என்ன குழம்பு என்பாய். கடைசி எழுத்தைக் கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வேன்.

அப்புறம் ஃபோன் குறைந்துபோனது. ஞாயிறு சர்ச் முடிந்து ஒரு தடவை, அதுவும் அவசரமாக. வாசலையே மறந்துவிட்டாயோ என்று மனசு அடித்துக்கொண்டது. லீவுக்கு வந்த அண்ணனிடம் கேட்டேன். யார் எப்போது உள்ளே வந்தார் என்று கம்ப்யூட்டரில் பேர் பதிவாகுமாம். திறந்து காட்டினான். தினமும் இங்கே மத்தியானம், அங்கே காலை ஆகும் நேரத்தை ஒட்டி உன் பேர்.

"அவ புது ஃபோனு பாஸ்வேர்ட ஞாபகம் வச்சிக்கிடுச்சு. அதான் ஒங்களக் கேக்கல" என்று சிரித்தான். "மாத்திரவா? நாளைக்கே கூப்பிடுவா."

"வேண்டாம்ல. நைட் டூட்டி முடிஞ்சு வந்து வாசலப் பாக்குற புள்ளைய வெளியில நிறுத்தவா?"

அதிலிருந்து மத்தியானமானால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிறவன்போல வாசலுக்கு வந்துவிடுவேன். மழை பிடித்த நாளில் அந்தச் சாக்கும் இல்லை. குடையோடு சும்மா, மலையைப் பார்த்து நின்றேன்.

ஃபோன் அடித்தது.

"அப்பா, மழையில யாருக்குக் காவல் நிக்கிறீங்க?"

"மழ விடுமான்னு பாத்தேன்."

"தெனமும்தான் பாக்குறேன் ஒங்கள. இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். முகம் தெரியக் குடையைப் பின்னால் சாய்த்தேன். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நனையிறீங்கப்பா. உள்ள போங்க."

போகிறேன் என்றேன். நீ ஃபோனை வைப்பாய் என்று நின்றேன், மகளே. நீயும் வைக்கவில்லை.