திருப்புளியும் நாலு புள்ளி மூன்றும்

என் மருமகளுக்கு நான் வைத்த பெயர் திருப்புளி. கல்யாணமாகி வந்த மறுவாரமே திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து என் தையல் இயந்திரத்தைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பிவிட்டாள். "சத்தம் வருதுன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க?" என்றாள். சொன்னது வாஸ்தவம்தான், பிரிக்கவா சொன்னேன்? சாயங்காலம் இயந்திரம் முனகாமல் தைத்தது. அன்றைக்கு வைத்த பெயர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

மாமியார் மருமகளைப் புகழ்ந்தால் ஜனங்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்திலேயே பெரிய டாக்டரிடம் முகத்துக்கு நேராகப் பேசியவள் நான், இதற்கா பயப்படுவேன்?

என் மகனுக்குத் தச்சு வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. மரத்தில் அவன் கை வைப்பதற்கு முன்பு, அலமாரி எப்படி வரும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது திருப்புளி. அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்தது. ஒரு படம் போடச் சொன்னால் நாம் குளித்துச் சாப்பிட்டு வரலாம்.

நூலகத்தின் புதுப் படிப்பறை வேலை வந்தபோதுதான் சிக்கல். இதுவரை செய்ததிலேயே பெரிய வேலை அது. அறைக்குள் நடந்து போய்ப் பார்ப்பதுபோல வீடியோ வேண்டும், சனிக்கிழமை மத்தியானம் கமிட்டிக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். அந்த மாதிரி வீடியோவுக்கு ஆயிரக்கணக்கான படங்களை அது ஒவ்வொன்றாகப் போட்டுச் சேர்க்க வேண்டுமாம். நம் கம்ப்யூட்டர் போகிற போக்கில் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் முடியும்.

என் மகளின் வீட்டுக்காரர் மரச்சாமான் கம்பெனி வைத்திருக்கிறார். நல்லவர், ஆனால் நல்லது செய்யும்போதும் கணக்குப் பார்ப்பவர். "எங்க ஆபீஸ்ல புது மெஷின் இருக்கு அத்தை. நாங்க போட்டுத் தர்றோம். வேலையும் எங்க கம்பெனி பேர்லயே இருக்கட்டும், மச்சான் செஞ்சு குடுக்கட்டும்" என்றார்.

என் மகன் தலையை ஆட்டப் போனான். திருப்புளி, "வேண்டாங்க. பட்டறை பேர்லயே போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனவள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாள். பிராசசர் மேல் சூடு தணிக்கப் பூசி, காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினாள். எங்கிருந்தோ வாங்கி வந்த பெரிய மின்விசிறியைப் பூட்டினாள். "மூணு புள்ளி மூணு வேகத்துக்கு செட் பண்ணித்தான் இதை வித்தாங்க அத்தை. ஆனா இந்த மாடலுக்குப் பூட்டு போடல, கதவைச் சும்மா சாத்திதான் வெச்சிருக்காங்க. வேகத்தை நாமளே ஏத்திக்கலாம்" என்றாள்.

ஆன் செய்ததும் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை வருகிறது. அதில் வேகத்துக்கான எண்ணை ஒரு படி ஏற்றுவாள், கம்ப்யூட்டரைக் கிளப்புவாள், பாரமான வேலை கொடுத்துப் பார்ப்பாள். தாங்கினால் அடுத்த படி. சூட்டைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. காய்ச்சல் பார்த்தே பழகிய கண்ணாயிற்றே! ஒருமுறை திரை ஒரேயடியாக இருண்டுவிட்டது. அவள் அலட்டிக்கொள்ளாமல் போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து மாட்டினாள். ஏற்றி வைத்ததையெல்லாம் மறந்துவிட்டு அது பழையபடி எழுந்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில் நாலு புள்ளி ஆறு!

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு, மாப்பிள்ளைக்கு, பழைய நர்ஸ் தோழிகளுக்கு என்று எல்லோருக்கும் போன் போட்டுத் தம்பட்டம் அடித்தேன். நாலு புள்ளி ஆறு என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேலையை ஓடவிட்டு, மூவரும் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் திரை உறைந்து கிடந்தது. நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே நின்றிருக்கிறது. அரை நாள் பாழ். என் மகன் கையைப் பிசைந்தான். "மாப்பிள்ளைகிட்டயே குடுத்துடலாமா?"

திருப்புளி செட்டிங்ஸைத் திறந்து எண்ணைக் கீழே இறக்கினாள். நாலு புள்ளி மூன்று. மின்சாரத்தையும் குறைத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா குறைக்கிறே? நாலு புள்ளி ஆறுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே!"

"அந்த ஆறை நீங்களே வெச்சுக்கோங்க அத்தை. எனக்கு நிக்காம ஓடினா போதும்."

இப்போது ஓடினால் சனிக்கிழமை காலையில் முடியும். இன்னொரு தடவை நின்றால் அவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டை விட்டு யாரும் நகரவில்லை. முறை போட்டுக்கொண்டு காவல் இருந்தோம். எழுபதைத் தொட்ட சூடு அங்கேயே நின்றது, ஏறவேயில்லை. சனிக்கிழமை நான் காபி கலந்துகொண்டிருந்தபோது, "அத்தை!" என்று ஒரு கூச்சல். அந்தப் பெண் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கமிட்டி முன்னால் வீடியோ ஓடியது. ஜன்னல் வெளிச்சம் அலமாரிகளில் விழுந்தது, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு வரிசை வந்தது. முடிந்ததும் நூலகர் அம்மா, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். வேலை பட்டறைக்கே, பட்டறையின் பெயரிலேயே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்தார். "அந்தப் பழைய மெஷின்லயா அத்தை போட்டீங்க? நாலு புள்ளி ஆறுன்னு சொன்னீங்களே, அதுலயா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் திருப்புளி குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க மாப்பிள்ளை. நாலு புள்ளி மூணு."

"ஓ, அவ்வளவுதான் போகுமா?"

"மேலயும் போகும்," என்றேன். "நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம்."