ஒரு வயதைத் தாண்டியவள்

என் மகள் பகல் தூக்கத்தில் இறந்தாள். ஒன்றரை வயது. நாங்கள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், மற்றப் பிள்ளைகளோடுதான் படுத்திருந்தாள். காலையில் ரொட்டி தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் போனாள். மத்தியானம் நான் போனபோது, பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா அவளை எழுப்பிக்கொண்டிருந்தார். எழுப்பிக்கொண்டே இருந்தார்.

தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொழுந்து எடுக்கும்போது சேலைக்கு மேலே இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பால் புரையேறியிருக்கும், ஆயா கவனித்திருக்கமாட்டார் என்றார்கள். என் கொழுந்தன் ஆயாவின் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆயா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. யாராவது தேத்தண்ணி கொடுத்தால் குடித்தேன்.

கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பியவற்றின் முடிவு வரப் பல மாதங்கள் ஆயின. பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் என்னையும் என் கணவரையும் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். எனக்குப் பிடிபடாததைத் தாதி தமிழில் சொன்னார். தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. இருதயத்திலும் நுரையீரலிலும் குறை இல்லை. நஞ்சும் இல்லை. ஒரு வயதுக்குள் தூக்கத்தில் இப்படிப் போனால் அதற்கென்று ஒரு பெயர் இருக்கிறதாம். என் மகள் ஒரு வயதைத் தாண்டிவிட்டதால் அந்தப் பெயரைப் போட முடியாதாம். காரணம் கண்டறியப்படவில்லை என்றுதான் எழுதுவார்களாம்.

"அப்ப யாரு மேலயும் தப்பு இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றாருங்க" என்றார் தாதி.

டிக்கோயாவில் பஸ் மாறி வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆயாவின் லயத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒதுங்கி நின்றார். டொக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்ப புள்ளைக்கு என்னதான் ஆச்சு?"

"தெரியலன்னுதான் எழுதுறாங்க, அக்கா."

அவர் கீழே உட்கார்ந்து அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னார்: "அன்னைக்கு எம் முந்தானையப் புடிச்சிக்கிட்டேதான் தூங்குச்சி, தங்கச்சி. ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். எப்புடி வந்து சொல்றது?"

அந்தக் கையை நான் நினைத்துப் பார்த்தேன். அப்போதும் எனக்குள் எதுவும் அசையவில்லை.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார், ஆனால் வரவில்லை. கொஞ்ச நாளில் உடப்புசல்லாவைப் பக்கம் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போதும் யாராவது விசாரித்தால் என் கணவர் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார்கள். நான் திருத்துவதில்லை.