அண்ணைக்குப் பிடிக்காத பாட்டு

ரொறொன்ரோக் கடையொன்றில் சாமான் வாங்கும்போது அண்ணைக்குப் பிடித்த ஆங்கில இசைக்குழுவின் பாட்டொன்று போனது. எடுத்த எடுப்பிலேயே பாடத் தொடங்கிவிடும் சின்னப் பாட்டு.

போர்க்காலம். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் எங்கள் ஊரான கரம்பொனில் அப்போது மின்சாரம் இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை நான் கையால் சுற்ற, டைனமோவில் அண்ணையின் கசெற் ரேடியோ பாடும். அந்தக் குழுவின் பழைய பாட்டுகள் வெறும் இரைச்சலில் தொடங்கி மெல்ல மெல்ல வளரும். மாமா லண்டனிலிருந்து அனுப்பிய அவர்களின் புதிய கசெற்றில் இந்தப் பாட்டைக் கேட்டதும் அண்ணை கொதித்துப்போனார்.

"விக்கிறதுக்காகப் பாடுறாங்கள். பழசைப் போடுறன், நீ சுத்து."

இரைச்சல் எழுந்து பெரிதானது. அண்ணை கண்களை மூடிக்கொண்டார். கை உளைந்து பெடலை விட்டேன். ரேடியோ நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

"ஹெலி!" என்று குண்டுகளுக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குள் என்னைத் தள்ளினார். அவர் இறங்க நேரம் இருக்கவில்லை.

அன்று இந்தப் பாட்டைப் போட்டிருந்தால், ஹெலிகொப்டர் வருவது முதலே கேட்டிருக்கும்.