படிக்கட்டின் உச்சியில் ஒரு சுவர்

நகரத்திலேயே உயரமான கண்ணாடிக் கட்டடத்தில் அவள் லிஃப்ட் ஓட்டினாள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நாற்பதாவது மாடிக்கு ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. எல்லோருக்கும் அவள் லிஃப்டம்மா. சீருடையில் இருக்கும்போது வந்தவர்களோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே கட்டளை.

ஞாயிறுதோறும் வழிகாட்டி ஒருவன் கழுத்தில் மைக்கோடு ஒரு கும்பலைக் கூட்டி வருவான். அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் தொடங்கி பழைய தெருக்களின் விசித்திரமான வீடுகளில் முடியும் நடை அது. ஒரு ஞாயிறு, லிஃப்ட் இறங்கும்போது சொன்னான்: "அடுத்து பார்க்கப் போற வீட்டுக்கு வெளியில ஒரு படிக்கட்டு இருக்கும். ஏறிப் போனா கதவே கிடையாது, வெறும் சுவர். காதலி உட்கார்ந்து நிலா பார்க்கறதுக்காக ஒரு பணக்காரர் கட்டினது."

லிஃப்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அவள் வீடு.

நிலாவும் இல்லை, காதலியும் இல்லை. வீட்டைக் கட்டியவர் அவள் மாமனாரின் அப்பா, வக்கீல். வழக்குக்காக வருகிற கண்டவனும் வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று, மாடி முன்னறைக்கு வெளியிலிருந்தே படி வைத்து உச்சியில் கதவும் வைத்தார்; வீட்டுக்குள் போக வர ஓர் உட்கதவு தனியாக. கொத்தனாரோடு ஓயாத சண்டை போட்டுக் கட்டியதால் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். புதிதாக ஏறுகிறவர்கள் தடுக்கியே தீருவார்கள். மாமனார் வீட்டைப் பிரித்தபோது அந்த முன்னறையும் கீழே ஒரு பின்னறையும் மூத்தவனான அவள் கணவனுக்கு வந்தன. மற்றதெல்லாம் இளையவனுக்கு. கல்யாணமானதிலிருந்து அவள் குடித்தனம் நடத்தியது அந்த மாடி அறையில்தான்.

கணவன் படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். அவனைப் பறிகொடுத்து வீடு திரும்பி, படியேறி, சாவியை எடுத்தாள். கதவு இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்ட் பூச்சு.

"உங்க ஒருத்திக்குக் கீழ் ரூம் தாராளமா போதுமே அண்ணி," என்றான் கொழுந்தன். "சாமானெல்லாம் பத்திரமா இறக்கி வெச்சுட்டேன்."

துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்கள், இந்த நேரத்தில் சண்டை எதற்கு என்றார்கள். அப்புறம் எந்த நேரமும் சண்டைக்கு ஏற்ற நேரமாக வரவில்லை. ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கீழேயே காலம் தள்ளினாள்.

வழிகாட்டி நிலாக் கதை சொன்னதற்கு அடுத்த ஞாயிறு, கட்டளையாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்துவிட்டாள். "தம்பி, அது நிலா பார்க்கக் கட்டின படி இல்ல. நான் குடியிருந்த ரூமுக்குப் போற வழி. என் கொழுந்தன் அடைச்சுட்டான்."

அவன் கண் விரிந்தது. "நிஜமாவாம்மா? இது அதைவிட நல்லா இருக்கே."

அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை. ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது. "இந்த வீட்டு மருமகள் இன்னைக்கும் சாயங்காலமானா கடைசிப் படியில உட்கார்ந்து அழறாங்க."

அவள் அந்தப் படியில் துணி உலர்த்துவதோடு சரி. விருட்டென்று வெளியே வந்தாள். "யாருடா அழுதது? நீ பார்த்தியா?"

கும்பல் அவளையும் சேர்த்துப் போட்டோ எடுத்தது.

மறுநாளே கொத்தனாரைக் கூட்டி வந்தாள். "இந்தப் படியை இடிச்சுத் தள்ளுங்கண்ணே. ஒரு செங்கல் மிஞ்சக் கூடாது." சம்மட்டி கீழ்ப்படியில் விழுந்த சிறிது நேரத்தில் தெரு கூடிவிட்டது. யார் சொன்னார்களோ, வழிகாட்டி மாநகராட்சி அதிகாரியோடு ஓடி வந்தான்.

"இது பாதுகாக்கப்பட்ட கட்டடம்மா," என்றார் அதிகாரி. "படியைத் தொடக் கூடாது."

"மேல இருந்த கதவை அடைச்சப்ப எங்க சார் போயிருந்தீங்க?"

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "அங்க கதவா இருந்தது? அப்ப அந்தச் சுவர்தான் அனுமதி இல்லாம கட்டினது. அதை எடுத்துட்டுப் பழையபடி கதவு வெச்சா எங்களுக்கு ஆட்சேபம் இல்ல."

கொத்தனார் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டு அவள் மேலே ஏறினாள். கலவையில் சிமெண்டைவிட மணல்தான் அதிகம். கொழுந்தனின் கஞ்சத்தனம் அவளுக்கு உதவியது. ஓட்டை விழுந்ததும் உள்ளே அவன் முகம் தெரிந்தது.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"கதவு திறக்கறேன்."

"தெருவே நின்னு பார்க்குது."

"பார்க்கட்டும். அன்னைக்கு எனக்காக யாரும் நிக்கல."

சுவர் விழுந்தது. இத்தனை வருஷமும் அந்த அறையில் அவன் கட்டில் போட்டு, காற்றாடப் படுத்திருப்பதாகத்தான் நினைத்து நினைத்துக் குமைந்திருந்தாள். அங்கே கால் ஒடிந்த நாற்காலிகள், சக்கரமில்லாத சைக்கிள், மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர். பெருக்கிக்கூட வைக்கவில்லை.

"இதுக்காகவா?" என்றாள்.

"வேற எங்க போடறது அண்ணி?"

ஒரு நாற்காலியைத் தூக்கிப் படியில் வீசினாள். அது உருண்டு வந்த வேகத்தில் அதிகாரி ஒதுங்கி நின்றார். சைக்கிளும் மூட்டைகளும் பின்னாலேயே போயின. கொழுந்தன் தடுக்க வரவில்லை.

தச்சர் கதவு பொருத்தியதும் அவள் மேலே குடி வந்தாள். கொழுந்தன் பக்கம் திறக்கிற உட்கதவில் தன் பூட்டைப் போட்டாள். அவன் மனைவி தூது வந்தாள். "அக்கா, அவர் உங்ககிட்ட வந்து பேசணும்கறார்."

"வரட்டும். வெளியில படி இருக்கு."

அவன் இன்னும் ஏறி வரவில்லை. கதவுள்ள படிக்கட்டில் என்ன விசித்திரம் என்று வழிகாட்டியும் அந்தத் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டான். அவளுக்குக் கோபம் முழுசாகத் தீரவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்து காற்று முகத்தில் அடித்தால், கீழே புழுங்கிக் கிடந்த கோடைகள் ஞாபகம் வந்து, டம்ளரை ணங்கென்று வைப்பாள்.