அழுத்தக்காரி

எங்கள் வீட்டில் அழுத்தக்காரி என்றால் திட்டு. மனதில் உள்ளதை வெளியே விடாதவள், கேட்டால் பதில் சொல்லாதவள், அடித்தாலும் அழாதவள் என்று பொருள். இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்களில் ஒன்றில், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்தது.

அதற்கு முன்பு நான் வாயாடி. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் என் சத்தம் கேட்காத வீடு கிடையாது. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் அது தானாக அடங்கிப்போனது. ஏன் என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. யாரும் அடிக்கவில்லை, காதல் கத்தரிக்காய் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தால் வயிறு வலிக்கும். யூனிஃபார்மைப் பார்த்தால் குமட்டும். பாடம் கண்ணில் படும், தலையில் ஏறாது. நான் இல்லாமல் போனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்ற நினைப்பு மட்டும் தெளிவாக இருந்தது. அதை அப்பா அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா முதலில் அழைத்துப்போனது தொக்கம் எடுக்கிற ஒரு அம்மாளிடம். தின்றது ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பிள்ளை சாப்பிடுவதில்லை என்பது அம்மாவின் கணக்கு. அவர் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, சின்னக் கறித்துண்டு ஒன்றைத் துப்பிக் காட்டினார். எங்கள் வீட்டில் கறி எடுத்தே வெகுநாளாகியிருந்தது. அம்மாவுக்கு அன்றைக்காவது நிம்மதியாகத் தூக்கம் வரட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது ஸ்கேன். வயிற்றில் ஒன்றுமில்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அப்பா முன்பு மில்லில் இருந்தவர். பிறகு ஆள் ஏற்றுகிற டெம்போ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வருகிற பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மனநல டாக்டரைப் பார்க்க அவரும் கூட வந்தபோது அதுதான் வினையாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் பல் பிரிவும் ஒரே வராண்டாவில் இருந்தன. அம்மா என் கன்னத்தில் கைக்குட்டையை வைத்து, "யாரு கேட்டாலும் பல்லுவலின்னு சொல்லு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, அப்பாவின் வண்டியில் தினமும் வருகிறவர் ஒருவர் எதிரே வந்து நின்றார்.

"இன்னாண்ணே, பொண்ணுக்கு இன்னா?"

"கடவாப் பல்லு."

"கிராம்பு வையுங்கண்ணே, சட்டுனு கேக்கும்."

அவர் கிராம்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் பெயரை அடுத்த கதவிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டாக்டர் இளம்பெண். அப்பாவையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் என்னென்னவோ கேட்டார். தூக்கம், பசி, அழுகை எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டபோது மட்டும் தரையைப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. பிறகு அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு மன அழுத்தம் இருக்கு. கொஞ்சம் அதிகமாவே இருக்கு. தனியா விடாதீங்க. அடுத்த வியாழக்கிழமை கண்டிப்பா கூட்டிட்டு வரணும்."

அப்பாவுக்கு அப்படி ஒரு நிம்மதி.

"கரெக்டா சொன்னீங்க டாக்டர். சின்ன வயசுலயே இவ அழுத்தந்தான். இப்ப ரொம்ப முத்திப்போச்சு. வாயத் தொறக்கவே மாட்டறா."

டாக்டர், "ஆமா, அதான் சொல்றேன்" என்றார். இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது டெம்போ முழுக்க அப்பாவின் குரல்தான். "நாம சொன்னா நம்ப மாட்ட. படிச்ச டாக்டரே சொல்லிட்டாங்க, அழுத்தம்னு." விஷயம் போனில் அத்தை வீடுவரை போனது. அது எங்கள் குடும்பத்து ரத்தம், தன் அண்ணனும் அப்படித்தான் என்று அத்தை பெருமையாகச் சொன்னாளாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைக் காட்டக்கூட உடம்பில் தெம்பில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு ஆஸ்பத்திரிலாம் வேணாம். அழுத்தத்துக்குப் போய் யாருனா வைத்தியம் பாப்பாங்களா? ஸ்கூலுக்குப் போ, நாலு பேருகிட்ட பேசு. சரியாப் போயிடும்."

எனக்குப் பயமாகிவிட்டது. அந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்க உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். நாளைக்குப் போகாவிட்டால் இனி யாரும் கேட்கப்போவதில்லை. உள்ளே போனவள் திரும்பி வாசலுக்கு வந்தேன்.

"அப்பா, நான் அழுத்தலப்பா. என்னத்தான் அழுத்துது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"யாரு? யாருடி அது? ஸ்கூல்லயா, தெருவுலயா? பேர சொல்லு, இப்பவே போவோம்."

"யாரும் இல்லப்பா."

"யாரும் இல்லன்னா எது அழுத்துது?"

"தெரியல. காலைல எந்திரிக்க முடியல. மூச்சு விடவே கஷ்டமா இருக்கு. செத்துப்போயிட்டா நல்லாருக்கும்னு தோணினே இருக்குப்பா."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் டெம்போவின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரையாவது அடிக்கக் கிளம்பிய மனிதருக்கு அடிக்க ஆள் இல்லை. "எத்தினி நாளா?" என்றார். அரையாண்டிலிருந்து என்றேன். சோப்புக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, பாவமாக இருந்தது.

அந்த நோயிலிருந்து நான் எழுந்துவர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் விட்டுவிட்டு வந்து படுத்தியது. அதெல்லாம் தனிக் கதை. மறுநாள் வியாழக்கிழமை நடந்ததுதான் எனக்குப் பெரிது.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார். நிற்கிறாரா உட்கார்கிறாரா என்றே அவருக்குத் தெரியவில்லை.

"டாக்டர், நான் போன தடவ தப்பா சொல்லிட்டேன். எம்பொண்ணு அழுத்தக்காரி இல்ல. அவள ஏதோ அழுத்துது. அத கொஞ்சம் எடுத்து விடுங்க."

டாக்டர் முதலில் விழித்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். நான் பேச வசதியாக இருக்கும் என்று அப்பா தானாகவே கதவை நோக்கி நடந்தார்.

"நீ இருப்பா" என்றேன்.