மியூச்சுவலா முடிச்சுக்கலாமுங்களா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசு என் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருதான். காதர்பேட்டை மொத்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாக செக்கிங்; தைத்து வரும் பனியனில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கையில் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பேப்பர்.

“ஏனுங்ணா, மியூச்சுவல்னா என்னங்க?”

எனக்கு உடனே சந்தேகம். நம் ஊரில் அந்த வார்த்தை சும்மா வருமா? சம்பந்தம் பேசும்போது, ‘எல்லாம் மியூச்சுவலா போயிக்கலாமுங்க’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், பெண்ணைப் பெற்றவர் பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

“ஒருத்தருக்கொருத்தர்னு அர்த்தம் அம்மிணி. ரெண்டு பக்கமும் மனசு ஒத்துப் பண்றது. யாரு சொன்னாங்க?”

“மேனேஜருங்க. முட்டி வலிக்குது, உக்காந்து செக் பண்ண ஒரு ஸ்டூல் குடுங்கன்னு கேட்டனுங்க. மக்யாநாள் கூப்புட்டு, மியூச்சுவலா முடிச்சுக்கலாம், இதுல கையெழுத்துப் போடுங்கன்னாரு. ஸ்டூலுக்குத்தான்னு நெனச்சுட்டனுங்க.”

படித்தேன். இரு தரப்பும் மனமொத்து, சரசு வேலையை விட்டு விலகிக்கொள்வதாக எழுதியிருந்தது.

“போட்டுட்டயா?”

“இல்லீங்க. உங்களைக் கேட்டுப்போட்டுப் போடலாம்னு...”

விஷயத்தைச் சொன்னேன். சரசுவின் கணவர் படுத்த படுக்கை. வீடு ஓடுவது இவர் ஒருவர் உழைப்பில்தான்.

பாருங்கள்... ‘ஒருத்தருக்கொருத்தர்’ என்று தமிழில் சொன்னால், எதிரே இன்னொருத்தர் இருப்பது தெரிந்துவிடும். இங்கிலீஷில் சொன்னால் தெரியாது. அதற்காகத்தான் இங்கிலீஷ் என்பது என் சந்தேகம்.

“ஏனுங்ணா, ரெண்டு பக்கமும்னா, நானும் ஒண்ணு எழுதிக் குடுத்தா அவரும் கையெழுத்துப் போடோணுமல்லங்க?”

எனக்கு இது தோன்றவில்லையே! உட்கார்ந்து எழுதினோம். தமிழில், மூன்றே வரி. இரு தரப்பும் மனமொத்து, சரசு வேலையில் தொடர்வதாகவும், கம்பெனி ஒரு ஸ்டூல் கொடுப்பதாகவும்.

திங்கட்கிழமை காலை போனதும் நீட்டியிருக்கிறார். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

“உங்களுக்கு மட்டும் வேணும்னா, அது எப்படிங்க மியூச்சுவல் ஆகும்?”

“அதையேதானுங்க நானும் கேக்கலாம்னு வந்தேன்” என்று, கையெழுத்துப் போடாத அந்த இங்கிலீஷ் பேப்பரையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு, செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டார் சரசு.

மேனேஜர் அப்புறம் கூப்பிடவே இல்லை. சரசு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார் — நின்றுகொண்டே.